எக்ஸ் என்றால் மல்லியா, மல்லியின் எடையா?

ஜூலை 14, மாலை 6.20 (ஒத்தக்கடை வாசகரின் கேள்வி)

அண்ணே, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற என் மகனுடைய மாதத் தேர்வுக் கணக்கு இது. "மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒருவர் மல்லியும் பிச்சியும் சேர்த்து 14 கிலோ வாங்கினார். மல்லி கிலோ 600 ரூபாய், பிச்சி கிலோ 450 ரூபாய். மொத்தம் 7,500 ரூபாய் கொடுத்தார் என்றால், ஒவ்வொன்றும் எத்தனை கிலோ?" பையன் 'எக்ஸ் = மல்லி, ஒய் = பிச்சி' என்று ஆரம்பித்து, இரண்டு சமன்பாடு எழுதி, எக்ஸ் 8, ஒய் 6 என்று முடித்திருக்கிறான். விடை சரி. ஆனால் 5-க்கு 3 மார்க்தான். 'எக்ஸ் = மல்லி' என்ற இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு ஒரு கேள்விக்குறி. வேறு ஒரு வார்த்தை கிடையாது. எக்ஸும் ஒய்யும் இல்லாமல் நான் அரை நிமிடத்தில் மனக்கணக்காகவே போட்டுவிட்டேன். விடை சரியாக இருக்கும்போது 2 மார்க்கை எதற்குப் பிடுங்க வேண்டும்? நீங்கள் டியூஷன் எடுக்கிறவர், சொல்லுங்கள்.

ஜூலை 14, இரவு 9.45

பிடுங்கியது தப்பு. சமன்பாடு சரி, தீர்த்த விதம் சரி, விடை சரி. இதற்கு மேல் என்ன வேண்டுமாம்?

மனக்கணக்கு எப்படிப் போட்டீர்கள் என்று எழுதவில்லையே. நான் போடுவது இப்படி. 14 கிலோவும் பிச்சி என்று வைத்துக்கொள்வோம். 14 × 450 = 6,300. கொடுத்ததோ 7,500. இடிப்பது 1,200. மல்லிக்கும் பிச்சிக்கும் கிலோவுக்கு 150 ரூபாய் வித்தியாசம். 1,200-ஐ 150-ஆல் வகுத்தால் 8. ஆக, பிச்சி 8 கிலோ, மல்லி 6 கிலோ. முடிந்தது கதை. இதற்கு எக்ஸ் எதற்கு?

ஜூலை 15, காலை 7.10

ராத்திரி தலைகீழாக எழுதிவிட்டேன். மல்லி 8, பிச்சி 6. சிம்மக்கல் வாசகர் ஒருவர் "6 × 600-ம் 8 × 450-ம் சேர்த்தால் 7,200தான் வருகிறது, மிச்சம் 300-க்கு டீ குடித்தாரா?" என்று கேட்டிருக்கிறார். கேட்க வேண்டியதுதான்.

150 என்பது ஒரு கிலோ பிச்சியைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டு ஒரு கிலோ மல்லியை வைத்தால் கூடுகிற பணம். அப்படி எட்டுத் தடவை மாற்றினால் 1,200 கூடும். ஆக 8 என்பது புதிதாக உள்ளே வந்த கிலோ, அதாவது மல்லி. வகுத்தவுடன் 8 என்று வந்த சந்தோஷத்தில், எது 8 என்று பார்க்காமல் பிச்சி தலையில் கட்டிவிட்டேன்.

ஜூலை 17, இரவு 10.30

அந்தச் சிவப்பு வட்டம் இரண்டு நாளாக மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது.

போன வருஷம் என்னிடம் படித்த ஒரு பெண். கெட்டிக்காரி, நல்ல கை வேகம். நான் கொடுத்த கணக்கு: "3 முழம் மல்லியும் 2 முழம் கனகாம்பரமும் 130 ரூபாய். 2 முழம் மல்லியும் 3 முழம் கனகாம்பரமும் 120 ரூபாய். ஒவ்வொன்றும் முழம் என்ன விலை?" ம = மல்லி, க = கனகாம்பரம் என்று எழுதினாள். 3ம + 2க = 130, 2ம + 3க = 120. நீக்கல் முறையில் ஒரு பிசகில்லாமல் போய் ம = 30, க = 20 என்று கொண்டுவந்துவிட்டாள். கடைசி வரி: 'ஆகவே மல்லி 30 முழம், கனகாம்பரம் 20 முழம்.'

"ஏம்மா, மூணு முழம் வாங்கினவங்க வீட்டுக்கு முப்பது முழம் எப்படி வந்துச்சு?" என்றேன்.

நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ம முப்பதுன்னுதானே சார் வந்துச்சு?"

அன்றைக்குச் சிரித்துவிட்டு அடித்துக் கொடுத்தேன். இப்போதுதான் யோசிக்கிறேன். 3ம என்பதை அவள் 'மூன்று மல்லி' என்று வாசித்திருக்கிறாள். 'முழத்துக்கு ம ரூபாய் வீதம் 3 முழத்துக்கு ஆன பணம்' என்று வாசிக்கவில்லை. எப்படி வாசித்தாலும் தாளில் விழுகிற சமன்பாடு ஒன்றுதான். அதனால் தப்பு வெளியே தலைகாட்டாமல் கடைசி வரி வரை வந்துவிட்டது. மல்லியைத் தராசில் வைக்கலாம், தலையில் வைக்கலாம், மூன்றால் பெருக்க முடியாது. பெருக்க முடிவது அதன் விலையை, இல்லை எடையை, இல்லை முழத்தின் எண்ணிக்கையை. ஏதோ ஒரு எண்ணைத்தான்.

உங்கள் மகன் கணக்கில் எழுத்து எடைக்கு நிற்கிறது, விலை தெரிந்தது. அந்தப் பெண்ணின் கணக்கில் எழுத்து விலைக்கு நிற்கிறது, முழம் தெரிந்தது. இரண்டு பேருமே 'மல்லி' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அவன் தப்பித்தான், அவள் மாட்டினாள்.

இதே வியாதி வேறு இடத்திலும் வரும். "மல்லியின் விலை அரளியின் விலையைப் போல் 4 மடங்கு" என்று சொல்லிச் சமன்பாடு எழுதச் சொன்னால், என் டியூஷனில் பாதிப் பேர் 4ம = அ என்று எழுதுவார்கள். எழுத்தை ஆளாக நினைத்தால், பெரிய ஆள் பக்கத்தில் 4-ஐ நிறுத்தத்தான் கை போகும். "அரளி 100 என்றால் மல்லி 400. நாலு நானூறு நூறா?" என்று கேட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு அழிப்பார்கள். சரியானது ம = 4அ. எழுதியதில் ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இது இரண்டு நொடியில் பிடிபட்டுவிடும்.

தம்பி, 14-ஆம் தேதி எழுதியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஜூலை 18, மதியம்

"கேள்வியிலேயே கிலோ என்று இருக்கிறது, எக்ஸ் 8 என்றால் 8 கிலோ என்று புரியாதா?" என்று ஒத்தக்கடைத் தம்பி கோபமாகக் கேட்கிறார். புரியும். ஆனால் முப்பது வருஷமாகக் கணக்கோடு புழங்குகிற நானே எது 8 என்று தெரியாமல் மாற்றி எழுதினேனே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

என் தீர்ப்பு: 1 மார்க் குறைக்கலாம், 2 அதிகம். கேள்விக்குறி மட்டும் போட்டுவிட்டுப் போனது அதைவிட மோசம். 'மல்லியின் எடை' என்று இரண்டு வார்த்தை எழுத எவ்வளவு மை ஆகும்? பள்ளிக்கூடத்துக்குச் சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் பையனிடம் "எக்ஸ்னா என்னடா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

ஜூலை 21, காலை

ஆடி பிறந்துவிட்டது, முகூர்த்தம் கிடையாது. எங்கள் தெருமுனைப் பூக்காரம்மா சும்மா உட்கார்ந்திருந்தார். முழம் விலையைச் சொல்லாமல் அந்த 130, 120 கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கை நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கிறது, வாய் கணக்கைச் சொல்கிறது:

"ஒரு மல்லிய எடுத்துட்டு கனகாம்பரம் வச்சா பத்து ரூவா இறங்குது. அப்ப மல்லி பத்து ரூவா ஒசத்தி. மொதல்ல சொன்னதுல ரெண்டு கனகாம்பரம் இருக்கு, அதையும் மல்லியாவே வச்சுக்க. நூத்தி முப்பதோட இருவது, நூத்தம்பது. அஞ்சு முழம். முப்பது."

நான்கு வாக்கியம் ஆகியிருக்குமா? பிரதியிடல் முறை என்று பாடப் புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வது இதுதான். இதில் எங்கேயும் அவர் மல்லியையும் மல்லி விலையையும் குழப்பிக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். பூ கையில் இருக்கிறது, விலை வாயில் இருக்கிறது. எப்படிக் குழம்பும்? தாளில் எழுதும்போதுதான் இரண்டும் ஒரே எழுத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. புளி, வத்தல் யாவாரம் செய்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு ஒரு சூத்திரம் உண்டு: மணங்கு எத்தனை ரூபாயோ, அதை இரட்டித்தால் வீசை எத்தனை அணா என்று வந்துவிடும். மணங்கு 9 ரூபாய் என்றால் வீசை 18 அணா, அதாவது 1 ரூபாய் 2 அணா. மணங்குக்கு 8 வீசை, ரூபாய்க்கு 16 அணா. எட்டால் வகுத்துப் பதினாறால் பெருக்குவதற்குப் பதில் சும்மா இரட்டித்தால் போதும். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்து ரூபாய் 100 காசு ஆனது, பின்னாலேயே கிலோவும் வந்தது, அப்பத்தாவின் சூத்திரம் வேலையற்றுப் போனது. இப்போது 100 கிராம் என்ன விலை என்று தெரிய கிலோ விலையில் ஒரு சைபரைத் தட்டினால் போதும். நமக்குச் சுலபம். அப்பத்தா கடைசி வரை நயா பைசாவைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

ஜூலை 26, இரவு 8.15

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒன்று கேட்டிருந்தார்கள். இந்தாருங்கள்:

"ஒருவர் 2,000 ரூபாய்க்கு மல்லி வாங்கினார். கிலோவுக்கு 50 ரூபாய் குறைந்திருந்தால், அதே பணத்துக்கு 3 கிலோ கூடுதலாகக் கிடைத்திருக்கும். கிலோ என்ன விலை?"

இருபடிச் சமன்பாடு வரும். 'ம = மல்லி' என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு அபராதம்.

ஜூலை 26, இரவு 8.50

எனக்குத்தான் அபராதம். திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் 209 ரூபாய் 28 பைசா என்று விடை அனுப்பி, "எந்தக் கடையில் சார் இந்த ரேட்டு?" என்று கேட்டிருக்கிறார். மார்க்கெட்டில் 28 பைசாவுக்குச் சில்லறை தேடினால் அடிக்க வருவார்கள். 2,000-ஐ 1,800 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிக் கணக்கை விடையிலிருந்துதான் பின்னோக்கிக் கட்ட வேண்டும். பெருக்கினால் ஒரே தொகை வருகிற இரண்டு ஜோடியை முதலில் பிடிக்க வேண்டும். 200 × 9 = 1,800, 150 × 12 = 1,800. விலையில் 50 இறக்கம், எடையில் 3 ஏற்றம். நான் அதைச் செய்யாமல், உருண்டையாக இருக்கட்டும் என்று 2,000 போட்டேன்.

ஜூலை 29, இரவு 11

இந்தக் கணக்கில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, எழுத்தை எதற்கு வைப்பது என்பது. விலைக்கு வைத்தால், இப்போதைய விலை ம ரூபாய். 1,800/(ம − 50) − 1,800/ம = 3. சுருக்கினால் ம(ம − 50) = 30,000. பெருக்கினால் முப்பதாயிரம் வருகிற, 50 வித்தியாசமுள்ள இரண்டு எண்களைத் தேட வேண்டும். 200, 150. வந்துவிடும், ஆனால் சிலருக்கு வியர்க்கும். விலையை விட்டுவிட்டு எடைக்கு எழுத்து வைத்துப் பாருங்கள். வாங்கியது எ கிலோ. 1,800/எ − 1,800/(எ + 3) = 50. சுருக்கினால் எ(எ + 3) = 108. ஒன்பது பன்னிரண்டு நூற்றெட்டு. வாய்ப்பாட்டிலேயே இருக்கிறது! 9 கிலோ, அப்போது விலை 200. கேட்டது விலை என்பதற்காக விலைக்குத்தான் எழுத்து வைக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இரண்டாவதுதான் எனக்குத் தூக்கம் கெடக் காரணம். விலைச் சமன்பாட்டுக்கு இரண்டு மூலம்: 200, −150. எல்லாரும் செய்வதைத்தான் நானும் இத்தனை வருஷம் செய்தேன்: "விலை மைனஸில் வராது, அடித்துவிடு." அரசரடியிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "மைனஸை விடுங்க சார், அந்த 150 எங்கிருந்து வந்துச்சு? குறைஞ்ச விலையும் 150தானே?"

அட, ஆமாம். தற்செயலா என்று பார்க்கக் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: "1,800 ரூபாய்க்கு வாங்கினார். கிலோவுக்கு 50 ரூபாய் ஏறியிருந்தால் 3 கிலோ குறைந்திருக்கும்." இப்போது ம(ம + 50) = 30,000. மூலங்கள் 150, −200. அதே இரண்டு எண்கள், குறி மட்டும் இடம் மாறியிருக்கிறது! அதாவது, இறக்கத்தைப் பற்றிக் கேட்டால் ஏற்றக் கேள்வியின் விடையும் மைனஸ் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வருகிறது. எடைச் சமன்பாட்டிலும் அப்படித்தான், 9 வரும்போது −12. அந்த 12, மலிந்த விலையில் கிடைத்திருக்கக்கூடிய எடை.

இந்தக் கணக்குக்கு அது விடை ஆகாது, அடிக்கத்தான் வேண்டும். அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டு அடிக்கலாம். இத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை நான்.

ஆகஸ்ட் 2

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: "மல்லி கிலோ 200 என்கிறீர்கள், 600 என்கிறீர்கள், எதை நம்புவது?" எதையும் நம்ப வேண்டாம், எல்லாம் கணக்குக்காக. மார்கழி, தைப் பனியில் வரத்து குறைந்து, அதோடு முகூர்த்தமும் சேர்ந்தால் கிலோ ஆயிரங்களில் போகும். வரத்து கொட்டுகிற நாளில் பறிகூலிக்குக் கட்டாது. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் பேர் நிலைத்தது. விலை நிலைக்கவில்லை.

ஆகஸ்ட் 5, இரவு

"விலைக் கணக்கில் உங்களுக்கு நேர்ந்த பெரிய தப்பு எது?" என்று சிம்மக்கல் வாசகர் கேட்கிறார். டீ கேட்டவரேதான். சொல்கிறேன்.

1994. எனக்கு வயது 19. நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில், வெளியூருக்குப் பூ ஏற்றுகிற ஒரு வியாபாரியிடம் கணக்கெழுதும் வேலை. விடிவதற்கு முன்னால் பறித்த மொட்டு வந்து குவியும். முதல் வரத்துக்கு ஒரு விலை, ஒன்பது மணிக்கு மேல் இன்னொரு விலை. ஒருநாள் முதலாளி 1,200 ரூபாயைக் கையில் கொடுத்து, "இப்ப அறுநூறுக்கு எடு. விலை இறங்கினா மிச்ச அறுநூறுக்கு எடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காலையில் கிலோ 60-க்கு எடுத்தேன். பிறகு 40-க்கு இறங்கியது, அதில் எடுத்தேன்.

முதலாளி வந்ததும் "சராசரி என்னப்பா?" என்றார். அறுபதும் நாற்பதும் நூறு, பாதி ஐம்பது. "அம்பது முதலாளி" என்றேன். அவர் மனசுக்குள் 1,200-ஐ 50-ஆல் வகுத்து, வெளியூர்ப் பார்ட்டிக்குப் போன் போட்டு 24 கிலோ வருகிறது என்று சொல்லிவிட்டார். கூடை கட்டும்போது தராசு 25 காட்டியது.

கூட இருப்பதற்குச் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? மார்க்கெட்டில் கூட இருந்தாலும் சந்தேகம்தான். "யார்கிட்டடா ஒரு கிலோ ஓசியில அமுக்கின?" என்றார். நான் சத்தியம் பண்ணினேன். அப்படியானால் பூவில் தண்ணீர் என்று முடிவு செய்தார். இரண்டாவது வரத்துக் கொடுத்த விவசாயியைக் கூப்பிட்டு, "தண்ணி தெளிச்சு எடை ஏத்துறியா?" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டு, ஒரு கிலோவுக்கு 40 ரூபாயைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அந்த மனுஷர் சாக்கை உதறிக் காட்டினார். சாக்கில் ஈரம் இல்லை. நான் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரி ஆரப்பாளையம் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். 600/60 = 10 கிலோ. 600/40 = 15 கிலோ. 25 கிலோ. 1,200/25 = 48. சராசரி 48! தண்ணீரும் இல்லை, திருட்டும் இல்லை. மலிவாகக் கிடைத்த நேரத்தில் அதே பணத்துக்கு அதிகப் பூ வந்ததால், சராசரி 40-ன் பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் இரண்டு விலையையும் சம எடையில் வாங்கியதாக நினைத்துப் பாதியாக்கிவிட்டேன்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சொன்னேன். முதலாளி சிரித்தார். அந்த விவசாயியைக் கூப்பிட்டு 40 ரூபாயைக் கொடுத்தார். அந்த வாரக் கூலியில் எனக்கு 40 ரூபாய் குறைந்தது.

ஆகஸ்ட் 6, காலை

நேற்றைய குறிப்புக்கு வந்த கேள்விகளுக்கு. 10 கிலோ 60-க்கும் 10 கிலோ 40-க்கும் வாங்கியிருந்தால் சராசரி 50 சரியா? சரிதான், 1,000 ரூபாய்க்கு 20 கிலோ. சம எடை என்றால் இரண்டு விலையையும் கூட்டிப் பாதியாக்குகிற கூட்டுச் சராசரி, சமப் பணம் என்றால் நேற்று 48 வந்ததே, அந்த இசைச் சராசரி. சமப் பணம் போட்டால் எப்போதும் குறைவாகத்தான் வரும், இரண்டு விலையும் ஒன்றாக இருந்தாலொழிய. மாதாமாதம் ஒரே தொகைக்குத் தங்கம் சேர்க்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

"முதலாளி கூலியைப் பிடித்தது நியாயமா?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒத்தக்கடைத் தம்பி 2 மார்க்குக்குக் கேட்டது போலவே இருக்கிறது. 50 என்று சொன்னவன், எதற்கு 50 என்று சொல்லவில்லை. 20 ரூபாய் பிடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 23, மாலை

விநாயகர் சதுர்த்தி நெருங்குகிறது, தெருவில் விளாம்பழம் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ராஷ்டிரகூட அரசர் அமோகவர்ஷர் காலத்தில், இன்றைய கர்நாடகப் பக்கம் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீராசாரியர் போட்டது. அவருடைய சமஸ்கிருத நூலை 1912-ல் நம் சென்னையில்தான் ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். கணக்கு இதுதான்: 9 நாரத்தையும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நாரத்தையும் 9 விளாம்பழமும் சேர்ந்து 101. ஒவ்வொன்றும் என்ன விலை?

நம் 130, 120 கணக்கின் பாட்டன்! எண்கள் மாறி மாறி நிற்கும்போது ஒரு சுகம் உண்டு. இரண்டையும் கூட்டுங்கள்: 16 நாரத்தை, 16 விளாம்பழம், 208. ஒரு ஜோடி 13. கழியுங்கள்: இரண்டு நாரத்தை, இரண்டு விளாம்பழத்தை விட 6 அதிகம். ஒன்றுக்கு 3. கூட்டு 13, வித்தியாசம் 3. நாரத்தை 8, விளாம்பழம் 5. சரிபார்க்க: 72 + 35 = 107.

எங்கள் பூக்காரம்மா கணக்கிலும் இதைச் செய்யலாம். கூட்டினால் ஐந்து ஜோடி 250, ஒரு ஜோடி 50. வித்தியாசம் 10. ஆக 30, 20.

மேலே நானே "இரண்டு நாரத்தை, இரண்டு விளாம்பழத்தை விட 6 அதிகம்" என்று எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா? நாரத்தையின் விலை என்று எழுதவில்லை. அந்தச் சிவப்புப் பேனா இங்கேயும் வந்தால் வரட்டும்.

ஆகஸ்ட் 24

கடைசியாக ஒன்று. "மல்லி முழம் 30, கனகாம்பரம் முழம் 20. இரண்டும் வாங்கி 190 ரூபாய் கொடுத்தேன். மல்லி முழம்தான் அதிகம். எத்தனை எத்தனை முழம்?" தெரியாதது இரண்டு, சமன்பாடு ஒன்றுதான். முடியாது என்று கையை விரிக்காதீர்கள்.

ஆகஸ்ட் 26

முழு முழமாகத்தான் வாங்க வேண்டும் என்றால் மூன்றே வழி: மல்லி 1, கனகாம்பரம் 8, மல்லி 3, கனகாம்பரம் 5, மல்லி 5, கனகாம்பரம் 2. மல்லி அதிகம் என்பதால் 5, 2. நிறையப் பேர் சரியாகச் சொல்லிவிட்டீர்கள்.

அதற்குள் திருமங்கலம் மாணவர் குறுக்கே வந்து, "அரை முழமும் கொடுப்பார்களே சார்?" என்கிறார். கொடுப்பார்கள். அப்போது மல்லி 4, கனகாம்பரம் மூன்றரை. மல்லி 6, கனகாம்பரம் அரை. இவையும் சேர்ந்து மூன்று விடை ஆகிவிடும். கணக்கில் 'முழு முழம்' என்று நான் எழுதியிருக்க வேண்டும். முழமே யார் கையை வைத்து அளப்பது என்ற வழக்கு வேறு தினமும் தெருமுனையில் நடக்கிறது. வாங்குகிறவர் தன் கையை நீட்டுவார், பூக்காரம்மா நீட்டவிட மாட்டார்.

ஆகஸ்ட் 30, இரவு

ஒத்தக்கடைத் தம்பி எழுதியிருக்கிறார். "எக்ஸ்னா என்னடா?" என்று ஒருவழியாகக் கேட்டாராம். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மல்லிப்பா... இல்ல, எத்தனை கிலோ மல்லிங்கிறது" என்றானாம். இந்த மாதத் தேர்வில் 'எக்ஸ் = வாங்கிய பேனாக்களின் எண்ணிக்கை' என்று எழுதி 5-க்கு 5. பழைய 2 மார்க் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

190 ரூபாய்க் கணக்கைப் பூக்காரம்மாவிடமும் கேட்டேன். நாளைக்குப் பறக்கப்போகிற வியாபாரம், கூடை நிறையப் பூ, கை ஓயவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நூத்தித் தொண்ணூறுக்கு எதுக்குக் கணக்கு? எரநூறா குடு, பத்து ரூவாய்க்கு ரோசாப்பூ ரெண்டு சேர்த்து வச்சுத் தாரேன்."